எடை ஏறாத குழந்தை... டெஸ்ட் எடுக்கச் சொன்னால்?

"போன மாசம் நின்ன இடத்திலேயே தராசு முள் நிக்குதேம்மா!"

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பெற்றவளுக்கு அன்று சோறு இறங்காது. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு பேச்சு. "உன் பால் தண்ணியா இருக்கு" என்பார் ஒருவர். "திருஷ்டிதான், வேறென்ன?" என்பார் இன்னொருவர். "எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் இந்த வயசிலே எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று மூன்றாவதாக ஒரு குரல். இதற்கு நடுவில் டாக்டர் ஒரு சீட்டை எழுதி நீட்டுகிறார்: "பிளட், யூரின் ரெண்டும் பார்த்துடலாம்." அந்தப் பிஞ்சுக் கையில் ஊசியா என்று நினைக்கும்போதே கண் கலங்கிவிடுகிறது.

கலங்க வேண்டாம், சகோதரிகளே! எந்தப் பரிசோதனை எதற்காக, எப்படிச் செய்கிறார்கள், நாம் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டாலே பாதி பயம் போய்விடும். மீதிப் பாதியை டாக்டரிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளலாம்.

நிஜமாகவே எடை குறைவுதானா?

முதலில் இதைத்தான் உறுதி செய்து கொள்ள வேண்டும். பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் இளைக்கும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறும். அடுத்த மூன்று மாதம் 15 முதல் 20 கிராம். ஆறு மாதத்துக்குப் பிறகு இன்னும் மெதுவாகத்தான் ஏறும். ஏறக்குறைய ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகி, ஒரு வயதில் மூன்று மடங்காகும். நாலு மாதம் வரை மளமளவென்று ஏறிய குழந்தை ஏழாம் மாதத்தில் நிதானப்பட்டால் அது நோயல்ல, இயற்கை.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையைத்தான் இன்று பயன்படுத்துகிறார்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து ஆரோக்கியமாக வளர்ந்த குழந்தைகளை அளந்து தயாரித்தது அது. ஆகவே, "அதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைக் கணக்கு" என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதன்படி ஒரு வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. ஆனால் 7.7 கிலோ உள்ள ஆண் குழந்தையும், 7 கிலோ உள்ள பெண் குழந்தையும்கூட எல்லைக்குள்தான் இருக்கிறார்கள். ஒல்லியான அப்பா அம்மாவுக்கு ஒல்லியான பிள்ளை பிறப்பதில் அதிசயம் என்ன?

டாக்டர் பார்ப்பது ஒரே ஒரு எண்ணை அல்ல, கோட்டை. தாய் சேய் நல அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்களே, அந்தக் கோடு மெலிதாக இருந்தாலும் மேலே போய்க் கொண்டே இருந்தால் கவலை இல்லை. படுத்துவிட்டால், அல்லது கீழே இறங்கினால்தான் விசாரிக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, முன்னால் பிறந்த வாரங்களைக் கழித்து வயதைக் கணக்கிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

எடை பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. அதே தராசு, சட்டையும் துணியும் இல்லாத குழந்தை, கூடுமானவரை அதே நேரம். ஒரு நாள் பால் குடித்த பிறகும், மறுமுறை மலம் போன பிறகும் நிறுத்தால் 100, 150 கிராம் வித்தியாசம் சாதாரணமாக வரும். அதற்காகத் தினம் தினம் தூக்கித் தராசில் வைக்காதீர்கள். கவலைக்குரிய குழந்தைக்குக்கூட ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை வாரம் ஒரு தடவை, அதற்கு மேல் ஒரு வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். அடிக்கடி பார்த்தால் குழப்பமும் கண்ணீரும்தான் மிச்சம்.

கேள்விகள்தான் முதல் டெஸ்ட்

"டாக்டர் பாட்டுக்குக் கேள்வியாக் கேக்கறார், மருந்து எழுத மாட்டேங்கறார்" என்று அலுத்துக் கொள்ளாதீர்கள். எடை ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பதில்களில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் 1978-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. எடை ஏறவில்லை என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 185 குழந்தைகளுக்கு மொத்தம் 2607 பரிசோதனைகள் செய்திருந்தார்கள். நோயைக் கண்டுபிடிக்க உதவியவை அவற்றில் 1.4 சதவீதம்தான்! அவையும், தாய் சொன்ன விவரத்தையும் குழந்தையின் உடலையும் பார்த்து டாக்டர் ஏற்கெனவே சந்தேகப்பட்ட இடங்களில் கிடைத்தவை. அதனால், டெஸ்ட் குறைவாக எழுதும் டாக்டர் அக்கறையில்லாதவர் என்று எண்ணிவிடக் கூடாது.

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று நாள் விவரத்தை எழுதி வையுங்கள். எத்தனை தடவை பால் குடித்தது, எவ்வளவு நேரம், முழுங்கும் சத்தம் கேட்டதா, எத்தனை தடவை சிறுநீர் போனது (முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது போக வேண்டும்), மலம் எப்படி, வாந்தி எத்தனை. டப்பாப் பால் என்றால் எத்தனை ஸ்பூனுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைக் கூசாமல் எழுதுங்கள். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று ஒரு ஸ்பூன் குறைத்துக் கலக்கும் வீடுகள் எத்தனையோ. வயிறு நிறையும், எடை ஏறாது.

திட உணவு தொடங்கிய குழந்தைக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது: பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி, ரசத் தண்ணி! பருப்பு பாத்திரத்தின் அடியில் நின்றுவிட, வெறும் தண்ணீர்தானே குழந்தைக்குப் போகிறது?

எடையோடு உயரத்தையும் தலைச் சுற்றளவையும் டாக்டர் அளப்பார். சாப்பாடு போதாத குழந்தைக்கு முதலில் எடை குறையும், நாளானால் உயரம், கடைசியில்தான் தலை வளர்ச்சி. மூன்றும் எந்த வரிசையில் குறைந்திருக்கின்றன என்பதே அவருக்கு வழி காட்டிவிடும்.

எந்த டெஸ்ட் எதற்காக?

சிறுநீர்: இதைத்தான் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். பெரியவர்களுக்குச் சிறுநீரில் கிருமி வந்தால் எரிச்சல், கடுப்பு என்று சொல்லிவிடுவோம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் எடை ஏறாதது ஒன்றே அதன் அடையாளமாக இருக்கலாம். பிளாஸ்டிக் பையை ஒட்டிப் பிடிக்கும் சிறுநீரில் தோலில் உள்ள கிருமியும் கலந்துவிடும். பையில் பிடித்ததில் 'கிருமி இல்லை' என்று வந்தால் நம்பலாம். 'இருக்கிறது' என்று வந்தால் சுத்தமான முறையில் மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். "ஏன் ரெண்டாவது தடவை?" என்று கோபப்படாதீர்கள். நேராகப் பாத்திரத்தில் பிடிக்க ஒரு சுலப வழி உண்டு. நன்றாகத் துடைத்துவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சுத் துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தடவினால் பல குழந்தைகள் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். ஆஸ்திரேலியாவில் சோதித்து 2017-ல் வெளியிட்ட முறை இது.

ரத்தம்: ரத்தசோகை உண்டா, கிருமித் தொற்று உண்டா, சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக வேலை செய்கின்றனவா, உப்புச் சத்துக்கள் சரியா என்று ஒரே தடவை எடுக்கும் ரத்தத்தில் பார்த்துவிடலாம். உயரமும் குறைவு, மலச்சிக்கல், எப்போதும் மந்தம் என்றால் தைராய்டையும் சேர்ப்பார்கள். தாய் சுத்த சைவமாக இருந்து, குழந்தை தாய்ப்பால் மட்டும் குடித்து, சோகை பிடித்துச் சுறுசுறுப்பு குறைந்திருந்தால் வைட்டமின் பி 12 பார்க்கச் சொல்வார்கள். தாயிடம் அந்தச் சத்து குறைந்தால் பாலிலும் குறையும். இது கண்டுபிடித்தால் மருந்தால் தீரக்கூடிய குறை. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடியது.

மலம்: நாட்பட்ட பேதி, எண்ணெய் மிதக்கும் மலம், ரத்தம் அல்லது சளி உள்ள மலம் என்றால் மட்டும் இது அவசியம். டயப்பரில் ஊறியதைவிட, பிளாஸ்டிக் தாள் விரித்துப் பிடித்ததே நல்லது.

காசநோய்: வீட்டில் தாத்தாவோ, வேலைக்காரம்மாவோ நாள்பட்ட இருமலோடு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தையின் முன்கையில் தோலுக்குள் சிறு ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அந்தத் தடிப்பை அளப்பார்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, மருந்து தடவக் கூடாது, அளக்கும் நாளைத் தவறவிடக் கூடாது. மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கலாம். கைக்குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, முழுங்கிவிடும். அதனால் சில சமயம் காலையில் வெறும் வயிற்றில் மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பார்கள். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் சில நிமிஷ வேலைதான்.

இதய எக்கோ: பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, விட்டு விட்டுக் குடிக்கும் குழந்தைக்கு இதைச் செய்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. நெஞ்சில் களிம்பு தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள்.

வியர்வை டெஸ்ட்: அடிக்கடி நெஞ்சுச் சளி, எண்ணெய்ப் பசையான மலம், முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிப்பு... இப்படிப்பட்ட குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற பரம்பரை நோய் உண்டா என்று பார்க்கும் சோதனை. கையில் மருந்து வைத்து லேசான மின்சாரம் செலுத்தி, வியர்வையைச் சேகரித்து உப்பை அளப்பார்கள். குறுகுறுப்புதான் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டுமே இந்த வசதி உண்டு.

கோதுமை ஒவ்வாமைக்கான ரத்த டெஸ்ட்: சீலியாக் என்னும் இந்த நோய் கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில்தான் கூடுதல். கோதுமை, ரவை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த டெஸ்ட்டுக்கு அர்த்தம். யாரோ சொன்னார்கள் என்று முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால் ரிசல்ட் தப்பாக வரும்.

இத்தனையும் எல்லாக் குழந்தைக்கும் வேண்டும் என்பதில்லை. சீட்டைக் கையில் வாங்கியதும் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். "இது எதைப் பார்க்க, டாக்டர்?" "குழந்தையைப் பட்டினி போடணுமா, எத்தனை மணி நேரம்?" "ரிசல்ட் எப்போ வரும், யார் சொல்வாங்க?" "ரிசல்ட் எப்படி வந்தா என்ன மாறும்?" கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இல்லை என்றால், அந்த டெஸ்ட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்றும் மரியாதையாகக் கேட்கலாம். பட்டினி பற்றி டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களாகப் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

ஊசி குத்தும் நேரம்

"இத்தனை ரத்தம் எடுத்தா பிள்ளைக்கு என்ன மிச்சம் இருக்கும்?" என்று பாட்டிமார் பதறுவார்கள். கணக்குப் பாருங்கள். குழந்தையின் உடலில் கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. ரத்தம் இருக்கிறது. ஐந்து கிலோ குழந்தைக்கு 400 மி.லி. எடுப்பது மூன்று, நான்கு மி.லி. அதாவது நூற்றில் ஒரு பங்கு. அதை உடம்பு தானே ஈடு செய்து கொள்ளும்.

வலியைக் குறைக்கக் கைகண்ட மருந்து உங்களிடமே இருக்கிறது. ஊசிக்கு முன்பே பால் குடிக்க வைத்து, குத்தும்போதும் குடித்துக் கொண்டிருக்கச் செய்யுங்கள். அழுகை பாதியாகக் குறைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். "மடியில வெச்சுக்கிட்டே எடுக்கலாமா, சிஸ்டர்?" என்று கேளுங்கள், பல இடங்களில் சம்மதிப்பார்கள். கையும் காலும் சில்லிட்டிருந்தால் நரம்பு கிடைக்காது. ஆகவே கதகதப்பாகப் போர்த்திக் கொண்டு போங்கள். இரண்டு மூன்று தடவை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், சற்று ஓய்வு கொடுத்துவிட்டு வேறொருவர் முயலட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பார்க்கத் தைரியம் இல்லாத அம்மா வெளியே நிற்பதில் தவறே இல்லை. அப்பாவோ பாட்டியோ பிடித்துக் கொள்ளட்டும். முடிந்ததும் வாரி அணைக்க நீங்கள் இருந்தால் போதும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்

தடித்த எழுத்தில் அச்சடித்த எண்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சில லேபுகளின் தாளில் 'சரியான அளவு' என்று போட்டிருப்பது பெரியவர்களுக்கானது. இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 10 என்பது இயற்கையாக வரும் இறக்கம். எலும்பு வளரும் வயதில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற எண் பெரியவர்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வெள்ளை அணுக்களின் விகிதமும் வேறு. மருந்துக்கடைக்காரரிடமோ, அடுத்த வீட்டு நர்ஸிங் மாணவியிடமோ காட்டி அர்த்தம் கேட்காமல் டாக்டரிடமே கேளுங்கள். எல்லாத் தாள்களையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். டாக்டரை மாற்றினாலும் அதே டெஸ்ட்டுக்காகக் குழந்தையை மறுபடி குத்த வேண்டியிராது.

'எல்லாம் நார்மல்' என்றால்?

அதிகமான வீடுகளில் இதுதான் நடக்கும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்; ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. 'நோய் இல்லை' என்றுதான் அதற்கு அர்த்தம். 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று அர்த்தமில்லை. "அப்போ உன் வளர்ப்புதான் சரியில்லை" என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் தப்பு. செலவாகும் சக்தியைவிட உள்ளே போவது குறைவாக இருக்கிறது. அதை அதிகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்குள் என்றால் தாய்ப்பால்தான். இருபத்துநாலு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரவிலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தை அனுபவமுள்ள நர்ஸிடம் நேரில் காட்டுங்கள். கொஞ்சம் கோணலாகப் பிடித்தாலே பால் சரியாக வராது.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, தினம் சுமார் 200 கலோரி சாப்பாட்டிலிருந்து கிடைக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் நெய் ஏறக்குறைய 45 கலோரி. ஆக, குழைந்த பருப்புச் சாதத்தில் விடும் அந்த ஒரு ஸ்பூன் நெய், ஐந்தில் ஒரு பங்கை நிரப்பிவிடுகிறது! கேழ்வரகுக் கூழ், நசுக்கிய வாழைப்பழம், உருளைக்கிழங்கு, மசித்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் கொடுக்கலாம். ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதம் இருக்கட்டும். ஆறிலிருந்து எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, பிறகு மூன்று நாலு வேளை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி மாட்டுக்குப் போடாமல் குழந்தைக்குக் கொடுங்கள். வாயை மூடிக் கொண்டால் மூக்கைப் பிடித்துத் திணிக்க வேண்டாம். சாப்பாடு என்றாலே பயம் வந்துவிட்டால் உள்ளதும் போகும்.

திருஷ்டி கழிப்பதில் தப்பில்லை. பாட்டியின் மனசும் ஆறும். ஆனால் சூடு போடுவது, வாயில் ஊதித் தொக்கம் எடுப்பது, குடலைத் தட்டுவது இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவதும் ஆபத்து. உரை மருந்து கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள்

பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடத்தல், பச்சை நிற வாந்தி, பிறந்த சில வாரங்களில் குடித்த ஒவ்வொரு தடவையும் பீறிட்டு அடிக்கும் வாந்தி, உதடு நீலம் பாய்தல், மலத்தில் ரத்தம், பாதத்தில் வீக்கம், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருத்தல்... இவற்றில் எது இருந்தாலும் டெஸ்ட் தேதிக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

பணத்துக்காகத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. மேல் பரிசோதனை வேண்டியவர்களைக் கட்டணமின்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களிலும், மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

கடைசியாக, அம்மாவுக்கு...

ரிசல்ட் வரும் வரையிலான நாலைந்து நாள்தான் இருப்பதிலேயே கஷ்டமானது. அந்த நாட்களில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குழந்தை தூங்கும்போது நீங்களும் படுங்கள், பாத்திரம் காத்திருக்கும். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாமல் கணவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் சொன்னதை அவரும் தன் காதால் கேட்டிருந்தால் வீட்டில் பாதிப் பேச்சு அடங்கும். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு மருத்துவத்தால் குணமாகும். அம்மா தெளிந்தால் குழந்தையின் வயிறும் நிறையும்.

கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுதான். "உன்னாலதான்" என்ற வார்த்தையை மட்டும் இந்த நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக, "குழந்தையை என்கிட்ட குடு, நீ கொஞ்சம் கண்ணை மூடு" என்று சொல்லிப் பாருங்கள். எந்த லேபிலும் கிடைக்காத மருந்து அது!